இருநூற்று முப்பது அடியில் ஒரு புதுக் கனிமம்

கர்நாடகத்தை எனக்கு நானூறு அடி ஆழம் வரை தெரியும். தரைக்கு மேலேதான் ஒன்றும் தெரியாது.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டுப் போர் வண்டியில் பல வருடமாக வேலை. கொள்ளேகால் பக்கம், ஹனூர் பக்கம் எத்தனையோ விவசாயிகளின் காட்டில் துளை போட்டிருக்கிறேன். போவோம், ஓட்டை போடுவோம், அடுத்த ஓட்டைக்குப் போவோம். மைசூரில் ஓர் அரண்மனை இருக்கிறது என்பதைக்கூடச் சோப்பு டப்பா ஒன்றில்தான் பார்த்திருக்கிறேன். அந்த மைசூருக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மூன்று நாள் போய்வரும்படி ஆகிவிட்டது. ஆகாயத்தில் பறந்தவனெல்லாம் பயணக் கட்டுரை எழுதுகிறான். பாதாளத்தில் இருந்து மேலே வந்தவன் எழுதக் கூடாதா?

காரணம் ஒரு கடிதம். இங்கிலீஷில் இருந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டதால், முதலாளிதான் படித்துச் சொன்னார். மைசூரில் நிலவியலாளர்கள், அதாவது கல்லையும் பாறையையும் படித்தவர்கள், ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். அந்தச் சங்கத்தில் இருக்கும் வசந்தா மேடத்தின் மேல் ஒரு புகார். அதற்கு நான் சாட்சி.

எனக்குத் தெரிந்த சங்கம் லாரி சங்கம். நம் ஆள் ஒருவன் தப்புச் செய்தால் எல்லோரும் ஒன்றாகப் போய் நின்று அவனைக் காப்பாற்றுவோம். சங்கம் என்பதே அதற்குத்தான். இவர்களோ தங்கள் ஆளைத் தாங்களே பிடித்து வைத்து விசாரிக்கிறார்கள். இப்படி ஒரு சங்கத்துக்குச் சந்தா வேறு கட்டுவார்களா என்று யோசித்தேன்.

"டேய் செங்கோடா, போனியா, ஒன்னுந் தெரியாதுன்னியா, வந்தியான்னு இருக்கோணும்" என்றார் முதலாளி. "வண்டி பேரு கெட்டுச்சுன்னா நீ வேற வண்டி பாத்துக்க."

எனக்குத் தெரியாத விஷயங்கள் உலகத்தில் ஏராளம். கெட்ட நேரம், இது மட்டும் தெரியும்.

போன கோடையில் ஹனூர் பக்கம் ஒரு காட்டில் போர் போட்டோம். துளை இறங்க இறங்க, பத்தடிக்கு ஒரு கை பாறை மாவை எடுத்துத் தரையில் வரிசையாகக் குவித்து வைப்பது எங்கள் வழக்கம். முதல் குவியல் பத்தடி, அடுத்தது இருபதடி. படித்தவர்கள் வந்து அந்த வரிசையைப் பார்த்தால், பூமிக்குள் எந்த ஆழத்தில் என்ன பாறை இருக்கிறது என்று புத்தகம் மாதிரிப் படித்துவிடுவார்கள். எத்தனை அடி போயிருக்கிறோம் என்பதற்கு எனக்கும் அந்த வரிசைதான் கணக்கு. அன்றைக்கு நாற்பது குவியல். தண்ணீரும் வந்தது. வசந்தா மேடம் வேறொரு ஊரில் இருந்து சாயங்காலம்தான் வந்து சேர்வதாக இருந்தது.

அதற்குள் ஆடுகள் வந்தன. வரிசையின் பின்பாதி மேல் கல்யாண ஊர்வலம் போல நடந்து போயின. இருபது குவியல் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. நான் பயத்தில் ஒரு காரியம் செய்தேன். கையால் அள்ளி, நிறம் பார்த்துப் பிரித்து, மறுபடி இருபது குவியல் வைத்தேன். எது எந்த ஆழம் என்பது எனக்கெங்கே தெரியும்? பார்வைக்கு எது நன்றாக இருக்கிறதோ அப்படி வைத்தேன். மார்கழிக் கோலத்துக்குக் கலர்ப் பொடி அடுக்குவது போல வெள்ளை, சாம்பல், கருப்பு. நடுவே துருப்பிடித்த மாதிரி ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பு இருநூற்று ஐம்பதில் எடுப்பாக இருந்தது. மேடம் வந்து, "தண்ணி எந்த ஆழத்துல வந்தது?" என்று கேட்டபோது, தண்ணீர் வந்தபோது மாவு சிவப்பாக இருந்தது மட்டும் ஞாபகம் இருந்ததால், நான் என் கோலத்தையே பார்த்து, "இருநூத்தம்பதுங்க" என்றேன்.

அவர் நம்பினார். ஒவ்வொரு குவியலையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போனார். இருநூற்று ஐம்பதில் தண்ணீர் ஓடும் பாறை, முன்னூறுக்குக் கீழே போவது வீண் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பக்கத்துக் காட்டுப் பழனியப்பன் அந்த அறிக்கையை நம்பி முன்னூறு அடி போட்டு நிறுத்தினார். புழுதிதான் வந்தது. அவர் சங்கத்துக்குப் புகார் எழுதினார்.

இதுதான் நான் மைசூருக்கு எடுத்துப் போன மூட்டை. கூடவே ஒரு தார் வாழைப்பழம். வெறுங்கையோடு விசாரணைக்குப் போவதா?

கொள்ளேகாலில் பஸ் மாறும்போது இட்லி சாப்பிட்டேன். சாம்பாரில் வெல்லம். முதல் வாய்க்கு, சர்வர் பாயச வாளியை மாற்றி எடுத்து வந்துவிட்டான் என்று நினைத்தேன். நாலாவது இட்லிக்குப் பழகிவிட்டது. ஆறாவது இட்லிக்கு எங்கள் ஊர் சாம்பார் மேல் சந்தேகம் வந்துவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த பட்டு நெசவுக்கார அம்மா பழத்தாரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"இது யாருக்குங்க?"

"மைசூர்ல பெரியவங்களுக்குங்க."

"நஞ்சன்கூடு ரசபாளேப் பழம் வெளையற சீமைக்கு இதையா தூக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டுவிட்டு, மைசூர் வரும்வரை எனக்காக வருத்தப்பட்டார்.

தங்குவதற்கு ஹெப்பாளில் என் மச்சினன் குமார் வீடு. தொழிற்சாலையில் ஃபிட்டர். அங்கே போக ஒரு நிறுத்தத்தில் நின்றேன். வெள்ளை வெளேரென்று ஒரு பஸ் வந்தது. கூட்டம் ஏறியது, நானும் ஏறினேன். உள்ளே ஏ.சி. எல்லோர் காதிலும் ஒயர். கண்டக்டரே இல்லை. மைசூர் மகாராஜா ஊர் அல்லவா, இலவசம் போல என்று எண்ணிக் கண்ணை மூடினேன்.

திறந்தபோது பஸ் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கேட்டுக்குள் நின்றது. எல்லோர் கழுத்திலும் அட்டை. என் கழுத்தில் துண்டு.

காவலாளி பதறிப் போனார். கன்னடத்தில் அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: "நீங்கள் உள்ளே வரவே கூடாது. உடனே வெளியே போக வேண்டும். ஆனால் உள்ளே வந்ததாகப் பதிவு இல்லாத ஆளை எப்படி வெளியே விடுவது? முதலில் உள்ளே வந்ததாகக் கையெழுத்துப் போடுங்கள்."

நியாயமாகத்தான் பட்டது. நோட்டில் அவர் விரல் வைத்த இடத்தில் போட்டேன். என் கையெழுத்து என்பது, பெயரை மூன்று எழுத்தாகச் சுருக்கிக் கடைசியில் ஒரு வால் இழுப்பது. எங்கே காட்டினாலும் இழுப்பேன். படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் கிடையாது.

அடுத்த மேசையில் வெளியே போகும் பதிவு. அங்கிருந்தவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழத்தாரைப் பார்த்தார்.

"லேப்டாப் எங்கே?"

"என்னதுங்க?"

"ஒரு லேப்டாப் கொண்டு வந்ததாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். கொண்டு வந்ததைக் காட்டாமல் வெளியே விட முடியாது."

அங்கே வருகிற எல்லோரும் லேப்டாப்போடு வருவதால், முதல் காவலாளி எனக்கும் சேர்த்துப் பழக்கதோஷத்தில் ஒரு டிக் அடித்துவிட்டார். ஒரு மணிநேரம் பழத்தாரும் நானும் உட்கார்ந்திருந்தோம். டீ கொடுத்தார்கள், நல்ல டீ. கடைசியில் குமார் வேலையிலிருந்து ஓடிவந்து பேசினான். இன்னொரு தாளை நீட்டினார்கள். வாலை இழுத்துவிட்டு வெளியே வந்தோம்.

"என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சீங்களா மாமா?" என்றான் குமார்.

"இல்லியே. என்னா?"

"என் லேப்டாப்பை நல்லபடியா திருப்பி வாங்கிக்கிட்டேன்னு இருக்கு. இனிமே அவங்க நோட்டுப்படி உங்ககிட்ட ஒரு லேப்டாப் இருக்கு. ஊருக்குப் போய் அக்காகிட்ட நீங்களே சொல்லிக்கோங்க."

இரண்டாம் நாள் காலையில் மசால் தோசை. உள்ளே சிவப்பாக ஒரு சட்னி தடவி, மேலே வெண்ணெய் வைக்கிறார்கள். சிவப்பைப் பார்த்ததும் இருநூற்று ஐம்பதாவது அடி ஞாபகம் வந்து, பாதித் தோசை இறங்கவில்லை. மீதியைக் குமார் தின்றான்.

சங்கம் விஜயநகரில், ரிட்டயரானவர்கள் நிறைந்த அமைதியான தெருவில், ஒரு வீட்டு மாடி. கதவு சாத்தாமல் இருக்க ஒரு கல், தாள் பறக்காமல் இருக்க ஒரு கல், ஜன்னல் ஓரமெல்லாம் கல். காலி நாற்காலி ஒன்றில் உட்காரப் போனேன்.

"அது பேடா, அது வேண்டாம்!" என்று கத்தினார் தலைவர். குனிந்து பார்த்தால் நாற்காலியில் ஒரு கல், பெயர்ச்சீட்டோடு உட்கார்ந்திருந்தது. எனக்கு ஸ்டூல் போட்டார்கள்.

தலைவர் மைசூர்த் தமிழர், வெள்ளை மீசை. துணைத்தலைவர் கன்னடக்காரர், கழுத்தில் கயிறு கட்டிய பூதக்கண்ணாடி. செயலாளர் ஓர் இளவயது அம்மா. யார் வாய் திறந்தாலும் எழுதினார். நான் இருமியதையும் எழுதியதாகவே எனக்குச் சந்தேகம்.

பழத்தாரை மேசைமேல் வைத்து, "நம்ம ஊர்ப் பழமுங்க, எல்லாரும் எடுத்துக்கோணும்" என்றேன். மூன்று பேரும் பாம்பைப் பார்த்தது போலப் பின்னால் சாய்ந்தார்கள்.

"நோடி, பாருங்க செங்கோடன்," என்றார் தலைவர், "சாட்சிகிட்டேந்து நாங்க ஒரு பழம் வாங்கித் தின்னாலும் நெறிமுறைப்படி தப்பு. தீர்ப்பு எழுதி முடியற வரைக்கும் யாரும் தொடக் கூடாது."

செயலாளர் ஒரு தனிப் பதிவேட்டைத் திறந்து, பழங்களை எண்ணி, பாதி பச்சை, பாதி மஞ்சள் என்று எழுதிக்கொண்டார். சுவரில் அவர்களுடைய நெறிமுறைகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எனக்காகத் தலைவர் ஒன்றைப் படித்துக் காட்டினார்: நேரில் பார்க்காததற்கு, சோதித்து அறியாததற்குக் கையெழுத்துப் போடாதே.

எனக்கு லேப்டாப் ஞாபகம் வந்தது.

எதிர்ப் பக்கம் பழனியப்பன், தோளில் துண்டு, முகத்தில் கோபம். "ஏனுங்க, மல்பெரி பூராக் காஞ்சு போச்சுங்க. பட்டுப்புழு வாயைத் தொறந்துட்டு என் மூஞ்சியப் பாக்குது. இந்தம்மா கையெழுத்தைக் கரைச்சா அதுக்குக் குடுக்கறது?"

வசந்தா மேடம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், ஆண்கள் போடுவது போல கனமான ஷூ. தலைவர் கேட்டார், "குவியல் வைக்கறப்போ நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல சார். சாயங்காலம்தான் போனேன். வரிசை சரியா இருக்குன்னு நம்பினேன்."

"டிரில்லர் மேல ஏதாவது சந்தேகம்?"

"பார்க்காததைப் பத்தி நான் எப்படி சார் சொல்றது? அவர் மேல நான் பழி போட மாட்டேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். செயலாளரின் பேனா காத்திருந்தது.

"குவியல் நீங்கதானே வச்சீங்க? வரிசை மாறிச்சா?"

"எனக்கு ஒன்னுந் தெரியாதுங்க" என்றேன். முதலாளி சொல்லிக்கொடுத்த வாக்கியம் தப்பில்லாமல் வந்தது. வாழ்க்கையில் நான் மனப்பாடம் செய்து ஒப்பித்த ஒரே பாடம்.

அப்போது துணைத்தலைவர் எழுந்தார். அந்தப் பொட்டலங்களைச் சோதிக்கும் பொறுப்பு அவருடையது. வழக்கு கிடக்கட்டும், அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது என்றார். இருநூற்று முப்பது என்று எழுதிய பொட்டலத்தைப் பிரித்து, வெள்ளைத்தாளில் நாலைந்து சின்ன உருண்டைகளை உருட்டிவிட்டார்.

"இந்த ஆழத்தில் இப்படி ஒரு கனிமத்தை இந்தப் பகுதியில் யாரும் பார்த்ததில்லை. வெளியே வெண்மையான உறை. உடைத்தால் உள்ளே கருமை. இழை இழையான அமைப்பு. எல்லா உருண்டையும் கிட்டத்தட்ட ஒரே அளவு. எப்படி உருவானது என்பதுதான் புதிர்."

என் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். பார்த்தேன். பாறை மாவில் புரண்டு, கோடை வெயிலில் காய்ந்து இறுகிப்போன ஆட்டுப் புழுக்கை.

சிறுவயதில் ஆடு மேய்த்தவன் நான். அதற்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை. அள்ளிக் குவித்த அவசரத்தில் அதையும் சேர்த்து அள்ளியிருக்கிறேன்.

"எப்படி இருக்கு?" என்றார் தலைவர்.

"நல்லா... உருண்டையா இருக்குதுங்க" என்றேன். செயலாளர் அதையும் எழுதினார்.

கனிமத்தைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று துணைத்தலைவர் கேட்டதால், விசாரணையை மறுநாளைக்குத் தள்ளினார்கள். மத்தியானம் சங்கத்து ஆட்களெல்லாம் சாமுண்டி மலைக்கு வேன் வைத்துப் போவதாக ஏற்கெனவே ஏற்பாடு. என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

அந்த மலைக்கு மற்றவர்கள் போனால் அம்மனைப் பார்ப்பார்கள். இவர்களோடு போனால் மலையைத்தான் பார்க்க வேண்டும். பாறை தெரிகிற வளைவிலெல்லாம் வேன் நின்றது. இருபது பேர் இறங்கிப் பாறைமேல் மூக்கை வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த ஓர் உறுப்பினர் ஆசையில் சுத்தியலை எடுத்தார்.

"சுத்தியல்!" என்று யாரோ கத்த, பஸ்ஸில் பிக்பாக்கெட்டைப் பிடித்தது போல எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். கீழே விழுந்து கிடக்கும் கல்லை உடைக்கலாம், நிற்கிற பாறையை உடைக்கக் கூடாது என்பது அவர்களின் இன்னொரு விதி. சுத்தியலைப் பிடுங்கித் தலைவர் தன் மடியில் வைத்துக்கொண்டார். பாறையையே துளை போட்டுப் பிழைக்கும் நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மூன்றாவது வளைவில் நிறுத்தியபோது வேன் மறுபடி கிளம்பவில்லை. மலையில் தள்ளினோம். இரண்டு பேர் தள்ளாமல், டயருக்கு முட்டுக் கொடுத்த கல் என்ன கல் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய நந்தி சிலைக்கு முன்னால் கும்பிட்டு நின்றபோதும் வாதம்தான். கருப்பாக இருக்கிறதே, அந்தப் பாறையா, இந்தப் பாறையா? துணைத்தலைவர் கண்ணை மூடிக் கும்பிட்டபடியே சொன்னார்: "எண்ணெய் தடவித் தடவிக் கருத்தது. வெளி உறையைப் பார்த்து ஒருநாளும் ஏமாறக் கூடாது."

பிறகு என் தோளில் கை போட்டு, தன் கனிமத்தைப் பற்றிச் சொன்னார். கட்டுரை ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டாராம். நிறம், எடை, கடினம் எல்லாம் சோதித்தாயிற்று.

"சில கல்லை நாங்கள் நாக்கில் வைத்தும் பார்ப்போம். பழைய முறை. இதையும் வைத்துப் பார்த்தேன்."

"அய்யோ" என்றேன் என்னை அறியாமல்.

"பயப்படாதே, ஆபத்தில்லை. லேசான உவர்ப்பு. கொஞ்சம் புல் வாசனை. கட்டுரையில் குறித்திருக்கிறேன்."

நான் நந்தியின் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு ஒரு பக்கம் முட்ட, அழுகை ஒரு பக்கம் முட்ட, இரண்டும் வழி கிடைக்காமல் விக்கலாக வந்தது. வசந்தா மேடம் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். டிபன் பாக்ஸைத் திறந்து புளியோதரையும் நீட்டினார்.

"சாட்சிகிட்ட நீங்க பேசலாமுங்களா மேடம்? விதி இருக்குமே."

"வழக்கைப் பத்திப் பேசக் கூடாது. சாப்பாடு கொடுக்கலாமான்னு தலைவரைக் கேட்டேன். விக்கல் எடுக்கற ஆளுக்குக் கொடுக்கலாம்னார்."

தின்றேன். கேட்காமலும் இருக்க முடியவில்லை. "பேரை எடுத்துட்டாங்கன்னா என்னாகுமுங்க?"

அவர் வழக்கைப் பற்றிப் பேசவில்லை. மலைக்குக் கீழே தெரிந்த ஊரைப் பார்த்துப் பொதுவாகச் சொன்னார். "சங்கத்துப் பட்டியல்ல பேர் இல்லாத ஜியாலஜிஸ்ட் கையெழுத்தை இங்க யாரும் கேக்க மாட்டாங்க. முப்பது வருஷம் வெயில்ல நடந்து சம்பாதிச்சது ஒரு கையெழுத்துதான். வேற என்ன இருக்கு?"

புளியோதரையில் நிலக்கடலை நன்றாக இருந்தது. அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள் சங்கத்துக்குள் நுழைந்தபோது பழம் பழுத்து மாடி முழுக்க வாசனை. மூன்று பேரும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார்கள். நெறிமுறை என்பது என்னவென்று எனக்கு அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. பசியோடு இருக்கும் மூன்று பேர், ஒரு தார் பழம், நடுவில் ஒரு நோட்டு.

துணைத்தலைவர் கனிமத்தைப் பற்றிப் பேச எழுந்தார். நானும் எழுந்தேன்.

"ஏனுங்க, அது ஆட்டுப் புழுக்கைங்க."

செயலாளரின் பேனா மட்டும் ஓடி, நின்றது.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆடு வந்தது, குவியல் கலைந்தது, நான் நிறம் பார்த்து அடுக்கியது, இருநூற்று ஐம்பது என்று அடித்துவிட்டது, முதலாளி தெரியாதென்று சொல்லச் சொன்னது. "மேடம் மேல தப்பில்லீங்க. நான் கோலம் போட்டனுங்க, அவங்க அதைப் படிச்சுட்டாங்க."

திட்டுவார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். இவர்கள் வேறு மாதிரி ஆட்கள். தலைவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஆடு எந்தத் திசையிலிருந்து வந்தது? நேராக நடந்ததா, குறுக்கேயா? வரிசையில் நின்றதா? நின்றால் எவ்வளவு நேரம்? செயலாளர் ஆடு போன பாதையைப் படமாகவே போட்டார்.

"ஆட்டுக்கு அடையாளம் ஏதாவது?"

"கொம்புல நீலப் பெயிண்ட் அடிச்சிருந்துச்சுங்க."

பழனியப்பன் மேலே மின்விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"பழனியப்பன்," என்றார் தலைவர், "உங்க ஊர்ல நீலப் பெயிண்ட் யாரு அடிப்பா?"

"பெயிண்டு மிச்சம் இருந்துச்சுங்க" என்றார் பழனியப்பன் விசிறியிடம். "ஜன்னலுக்கு அடிச்சது போக."

அப்போது எல்லோரும் துணைத்தலைவரைப் பார்த்தோம். அவர் உருண்டை ஒன்றை விரல்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நின்றார். மெதுவாகத் தாளில் வைத்தார். கைக்குட்டையை எடுத்து நாக்கைத் துடைத்தார். தண்ணீர் குடித்தார். இன்னொரு டம்ளர் குடித்தார். பிறகு செயலாளரிடம் சொன்னார், குரல் உடையாமல்:

"எழுதிக்கொள்ளுங்கள். இருநூற்று முப்பதில் கிடைத்த கனிமம், கனிமம் அல்ல. என் கட்டுரையை நானே திரும்பப் பெறுகிறேன். காரணம், ஆடு."

அவர் தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்தார். நான் அவரிடத்தில் இருந்திருந்தால் கனிமம்தான் என்று சாகும்வரை சாதித்திருப்பேன்.

மேடத்தைக் குற்றமில்லை என்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். அவரே எழுந்தார்.

"சார், அவர் பொய் சொன்னது அவர் தப்பு. நான் அங்க நிக்காம, நின்ன மாதிரி கையெழுத்துப் போட்டது என் தப்பு. பொட்டலம் கட்டறப்போ நானும் அந்த உருண்டையைப் பார்க்கல. சும்மா விட்டுடாதீங்க. எச்சரிக்கை எழுதுங்க."

தன் மேல் எழுதச் சொல்லித் தானே கேட்கிற ஆளை லாரி சங்கத்தில் நான் பார்த்ததில்லை.

அவர்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். மேடத்துக்கு எழுத்தில் எச்சரிக்கை. பெயர் பட்டியலில் இருக்கும், கையெழுத்து செல்லும். பழனியப்பனின் போரை இன்னும் ஆழப்படுத்தும்போது மேடம் முதலிலிருந்து கடைசிவரை நேரில் நிற்க வேண்டும். அதுவரை அந்த அறிக்கை செல்லாது. பழனியப்பன் தலையாட்டினார். ஆட்டைப் பற்றி இனி யாரும் பேசாவிட்டால் போதும் என்பது போல ஆட்டினார்.

ஆனால் ஆட்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. என் சாட்சியத்தைத் தட்டச்சு அடித்துக் கொண்டுவந்து, "இங்க கையெழுத்து" என்றார் செயலாளர். பேனாவை வாங்கினேன். வால் இழுக்கக் கை போனது. நின்றது.

"படிச்சுக் காட்டுங்க" என்றேன்.

படித்தார். நடுவில், "ஆறு ஆடுகள் குவியல்மேல் நடந்தன" என்று வந்தது.

"அஞ்சுங்க."

"நம்மூட்டு ஆடு ஆறு," என்றார் பழனியப்பன். "ஆறும் ஒன்னாத்தான் போகும். ஒன்ன உட்டுட்டு ஒன்னு நகராது. அதனால நான்தான் ஆறுன்னு போடச் சொன்னேன்."

"இருக்கலாமுங்க. நான் கண்ணுல பாத்தது அஞ்சு. ஒன்னு வண்டிக்குப் பொறத்தால மணி மட்டும் கேட்டுச்சு. ஆறுக்குக் கையெழுத்துப் போட மாட்டனுங்க."

தலைவர் என்னைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்ததைப் பார்த்தார். பழத்தைப் பார்த்தார். மறுபடி அடிப்பதென்றால் இன்னும் அரைமணிநேரம் யாரும் அதைத் தொட முடியாது.

"மறுபடி அடிம்மா" என்றார் பெருமூச்சோடு. "ஆடு அஞ்சு, மணிச்சத்தம் ஒன்னு."

அப்படியே அடித்தார்கள். போட்டேன். வாலை இந்த முறை சின்னதாகத்தான் இழுத்தேன். அடுத்த நிமிடம் பழத்தார் மேல் எல்லோரும் விழுந்தார்கள். துணைத்தலைவர் நாலு பழம் தின்றார். நாக்கில் வேறொரு ருசி வேண்டியிருந்தது அவருக்கு. ரசபாளே அளவுக்கு இல்லை என்று தலைவர் சொன்னதாகவும், அது தன் தனிப்பட்ட கருத்து, சங்கத்தின் கருத்து அல்ல என்று சொன்னதாகவும் செயலாளர் எழுதிக்கொண்டார்.

கொள்ளேகால் பஸ்ஸ்டாண்டில் முதலாளி போன். காதை விட்டு ஒரு முழம் தள்ளிப் பிடித்துத்தான் கேட்க முடிந்தது. "இனி என் வண்டிப் பக்கம் தலை வெச்சுப் படுக்காத!" என்றார். கட் பண்ணவில்லை. கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "அந்தப் பழனியப்பன் போரை இன்னும் எறக்கோணுமாம். அந்தம்மா நம்ம வண்டிதான் வேணுங்குது. குவியல் நீதான் வெக்கோணுமாம். உன்ற கிட்ட என்னத்தடா கண்டுச்சு?" என்றார்.

"அஞ்சு ஆட்டைக் கண்டுச்சுங்க" என்றேன்.

அடுத்த வாரம் ஹனூரில் வண்டி நின்றது. மேடம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்து, முதல் ராடுக் கம்பி இறங்கியதிலிருந்தே உட்கார்ந்திருந்தார். முன்னூற்றுப் பத்து, இருபது, முப்பது, எல்லாம் சாம்பல். ஒவ்வொரு குவியலையும் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்தேன். பழனியப்பன் ஆடுகளைப் புளியமரத்தில் கட்டியிருந்தார். எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

முன்னூற்று நாற்பதில் மாவு சிவப்பாக வந்தது. ஈரமாகவும் வந்தது. மேடம் குடையைப் போட்டுவிட்டு எழுந்தார். அந்தச் சமயம் பார்த்து வண்டிக்குப் பின்னால் மணிச்சத்தம்.

யோசிக்க நேரமில்லை. குவியல் வரிசைக்கும் மணிச்சத்தத்துக்கும் நடுவே, கையிரண்டையும் விரித்து, குப்புற விழுந்து மறித்துக்கொண்டேன். துளையிலிருந்து தண்ணீர் பீறிட்டு என் முதுகில் கொட்டியது.

"செங்கோடன், எழுந்திரிங்க!" என்று கத்தினார் மேடம். "ஆடு மிதிச்சா என்ன, நீங்க நனைஞ்சு உருண்டா என்ன, எனக்கு ரெண்டும் ஒன்னுதான்!"

குவியல் கலையவில்லை. மேடம் அறிக்கையை அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, எனக்குப் படித்தும் காட்டினார். தண்ணீர், முன்னூற்று நாற்பது அடி, நேரில் பார்த்தது. கடைசியில் தன் கையால் இன்னொரு வரி சேர்த்திருந்தார்: ஆறாவது ஆடு, நேரில் பார்த்தது.